அன்னாசி ராஜாக்களும் ஒரு டப்பா டார்ட்டும்

பழப் பெருமை தமிழனின் ஜாதகத்திலேயே எழுதியது. சேலத்துக்காரரிடம் போய், "உங்க ஊர் மாம்பழம் பரவாயில்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். "பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு மல்கோவாவில் ஆரம்பிப்பார், இமாம்பசந்துக்கு வரும்போது உங்கள் கடைசிப் பேருந்து போயிருக்கும். பண்ருட்டிக்காரர் சொத்தை விட்டுக்கொடுத்தாலும் பலாவை விட்டுக்கொடுக்க மாட்டார். பழனிப் பக்கத்துக்காரருக்கோ விருப்பாச்சி வாழை இல்லாவிட்டால் பஞ்சாமிர்தம் இல்லை, பஞ்சாமிர்தம் இல்லாவிட்டால் முருகனுக்கே கொஞ்சம் சிரமம்தான். முக்கனி என்று இலக்கியத்தில் தோளோடு தோள் நிற்கிற மூன்றையும் ஒரே ரயில் பெட்டியில் ஏற்றினால் விழுப்புரம் தாண்டுவதற்குள் கைகலப்பு.

நான் குடியிருப்பது சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், பொங்கோலில். இங்கே இந்த மாதிரிச் சண்டைக்கு வழியே இல்லை. எங்கள் இலகு ரயில் பாதையில் 'கடலூர்' என்றே ஒரு நிலையம் உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பலகையைப் பார்த்துப் பரவசப்பட்டு, "அப்போ அடுத்த ஸ்டேஷன் பண்ருட்டியா?" என்பார்கள். இறங்கிப் பார்த்தால் பலாவும் இல்லை, முந்திரியும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள்தான் கண்ணுக்கு எட்டிய வரை காய்த்துத் தொங்குகின்றன.

இத்தனைக்கும் ஊர்ப் பெயரே பழச் சம்பந்தமுடையது. மரக்கிளையில் குச்சியை விட்டெறிந்து பழம் அடிப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதாவது, ஊரார் மரத்தில் கல்லெறிந்து மாங்காய் அடிக்கும் நம் வம்சத் தொழிலே இந்த மண்ணில் ஒரு நகரியத்துக்குப் பெயராக நிற்கிறது. இன்று அதே பொங்கோலில் அரசு நிலத்து மரத்தைப் பார்த்துக் குச்சி வீசினால் அபராதச் சீட்டு விழும். பழம் விழுந்தாலும் அது அரசாங்கத்தின் பழம்.

பெருமைக்கு இங்கே வேறு ஆள் இல்லாமல் இல்லை. வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா என்ற இந்தியர் 1928இல் சிராங்கூன் சாலையிலிருந்த தன் மிருகக்காட்சிசாலையை மூட்டை கட்டிக்கொண்டு பொங்கோல் கடற்கரைக்கு வந்தார். அப்பாய் என்ற வங்கப் புலியைச் சங்கிலியில் கட்டி நாய்க்குட்டி மாதிரி வைத்திருந்தவர். ஐன்ஸ்டீனே 1922இல் அவருடைய விலங்குகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் புலியை வைத்துப் பலகாரம் சுட முடியாது. நமக்கு வேண்டியது பழம்.

பழப் பெருமையை எப்படி உற்பத்தி செய்வது என்று ஆங்கிலேயரிடம் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் தலையில் வைத்து ஆடுவது பிராம்லி என்ற ஆப்பிளை. பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. பை சுடுவதற்கென்றே கடவுள் அனுப்பியது என்பார்கள். 1809இல் நாட்டிங்காம்ஷர் மாவட்டத்து சௌத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஆப்பிள் விதையை ஊன்றினாள். மரம் வளர்ந்தது, சிறுமி கல்யாணமாகிப் போனாள். 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். பத்து வருஷம் கழித்து மெரிவெதர் என்ற இளைஞர் வந்து, ஒட்டுப்போட ஒரு குச்சி தருவீர்களா என்று கேட்க, "தாராளமா எடுத்துக்கோ, ஆனா பழத்துக்கு என் பேர்தான் வைக்கணும்" என்றார் பிராம்லி. விதை போட்டவள் ஒருத்தி, விற்றவன் ஒருத்தன், பெயர் ஆட்டிறைச்சி வெட்டியவருக்கு. சரி, ஆப்பிளாவது அந்த மண்ணின் மைந்தனா என்றால் அதுவும் இல்லை. அதன் பூர்வீகம் கசக்ஸ்தான் பக்கத்து மலைகள். வெள்ளைக்காரருக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கும்போது நாம் எதற்குத் தயங்க வேண்டும்?

ஆகவே சிங்கப்பூரின் சார்பில் நான் முன்மொழிவது: அன்னாசி. பை என்ன பை, எங்களிடம் டார்ட் இருக்கிறது.

அன்னாசியின் பயோடேட்டாவைப் பார்த்தால் சிங்கப்பூர் குடியுரிமைக்கு அதைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரர் கிடையாது. பிறப்பு தென்னமெரிக்கா. 1493இல் குவாதலூப் தீவில் கொலம்பஸ் கண்ணில் பட்டது. தான் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். பழத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ. ஐரோப்பாவில் அதற்கு வந்த மவுசில், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பழத்தை ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்து விருந்து மேசையில் நிறுத்தி வைத்தார்கள். யாரும் தொடக் கூடாது, மறுநாள் இன்னொருவர் வீட்டு விருந்துக்குப் போக வேண்டும். போர்த்துக்கீசியர் அதைக் கப்பலேற்றி நம் பக்கம் கொண்டுவந்தார்கள். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஆக்ரா தோட்டத்தில் அது விளைவதைத் தன் நினைவுக் குறிப்பில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். பார்த்தீர்களா, வந்து கொஞ்ச காலம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆக்ரா அன்னாசி!

சிங்கப்பூருக்கு முதலில் பிடித்த பைத்தியம் அன்னாசி அல்ல, ஜாதிக்காய். 1819இல் ராஃபிள்ஸ் இறங்கிய சூட்டோடு கோட்டைக்குன்றில் ஜாதிக்காய் நட ஏற்பாடு செய்தார். 1840களில் அது முற்றிப்போய், கையில் நாலு காசு உள்ள வெள்ளைக்காரர் எல்லாம் தோட்டம் போட்டார்கள். அரசு மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி நாடி பிடித்த நேரம் போக மீதி நேரம் ஜாதிக்காய்தான் பிடித்தார். அதை எப்படி வளர்ப்பது என்று 1848இல் கட்டுரையே எழுதினார். நிபுணர் கட்டுரை எழுதினால் என்ன நடக்குமோ அது நடந்தது: அடுத்த சில ஆண்டுகளில் மரங்களுக்கு நோய் கண்டு, 1860களுக்குள் அத்தனையும் காலி. பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டத்தை 1867இல் அரசாங்கம் வாங்கி ஆளுநர் மாளிகை கட்டியது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். இன்று அது அதிபர் மாளிகையான இஸ்தானா. தீபாவளியையொட்டி வாசலைத் திறந்து விடும்போது நாம் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஒருவகையில் பூட்டன் கட்டிய வீடு. பக்கத்திலேயே, தோட்டங்கள் இருந்ததால் பெயர் பெற்ற ஆர்ச்சர்ட் சாலை. அங்கே இப்போது கைப்பைதான் விளைகிறது, அதுவும் வருஷத்துக்கு நாலு போகம்.

இந்தப் பெரிய மனிதர்கள் ஜாதிக்காயில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், எதிரே புளாக்காங் மாத்தித் தீவில் புகிஸ் மக்கள் சத்தமில்லாமல் அன்னாசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நோய் இல்லை, நிபுணர் இல்லை, கட்டுரையும் இல்லை. (அந்தத் தீவுக்குப் பிறகு செந்தோசா என்று பெயர் வைத்து, உள்ளே போகக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது தனிக்கதை.) பழம் மலிவு, ஆனால் இரண்டு நாளில் அழுகும். இதைத் தகர டப்பாவில் அடைத்தால் என்ன என்று 1870களில் யோசித்தவர் பாஸ்தியானி என்ற பிரெஞ்சுக்காரர். ஆக, சிங்கப்பூரின் முதல் பழத்தொழில் என்பது தென்னமெரிக்கப் பழத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் டப்பாவில் அடைத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. உள்ளூர் சரக்கு என்று சொல்ல அதில் இருந்தது வெயில் மட்டும்.

அதன்பின் வந்தார்கள் ராஜாக்கள்.

முதல் ராஜா டான் கா கீ. 1890இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்து அப்பாவின் அரிசிக் கடையில் உட்கார்ந்தவர். அப்பாவின் தொழில் நொடித்தது. 1904இல் மகன் அன்னாசி டப்பா ஆலை ஒன்றைத் தொடங்கினார். ஆலைக்குப் பழம் வேண்டுமே என்று 500 ஏக்கர் நிலம் வாங்கி அன்னாசி நட்டார். இதுவரை ஒழுங்கான கதை. 1906இல் அவர் 1,80,000 ரப்பர் விதைகளை வாங்கி, அன்னாசிச் செடிகளுக்கு இடையிலேயே ஊன்றினார். இங்கேதான் நம் கதாநாயகனுக்குத் துரோகம் ஆரம்பம்.

ரப்பர் மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை தோட்டக்காரர் என்ன சாப்பிடுவார்? வரிசைக்கு நடுவே அன்னாசி போட்டால் ஒன்றரை வருஷத்தில் காசு பார்க்கலாம். களை பறிக்கும் கூலியை அன்னாசி கொடுக்கும், நிலம் திருத்திய கடனை அன்னாசி அடைக்கும். ரப்பர் மரம் தலையெடுத்து நிழல் விழுந்ததும் அன்னாசி செத்துப் போகும். யாரும் அழ மாட்டார்கள். தம்பி படித்து முடிக்கும் வரை வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, அவன் பட்டம் வாங்கிய அன்று குடும்பப் படத்தில் ஓரத்தில் நின்ற அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகங்களிலும் தம்பிக்குத்தான் மாலை. தாவரவியல் பூங்காவின் ரிட்லி, பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு பார்க்கிறவர் எல்லோரிடமும் நீட்டி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தப் பைத்தியத்துக்குச் செலவு செய்தது அன்னாசி என்று யாரும் சொல்வதில்லை. மலாயாவில் அந்த ரப்பரைச் சீவ வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால், ஒரு விதத்தில் நம்மைக் கப்பலேற்றியதிலும் இந்தப் பழத்துக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது ராஜா லிம் நீ சூன். 'அன்னாசி ராஜா' என்ற பட்டம் இவருக்கு ஊரே கொடுத்தது. ரப்பரும் வைத்திருந்தார், அன்னாசியும் வைத்திருந்தார், வடக்கே பாதி நிலத்தையும் வைத்திருந்தார். யீஷூன் என்ற நகரியம் இவர் பெயரைச் சீனப் பொதுமொழியில் உச்சரித்ததுதான். பொங்கோல்காரர்கள் பழத்துக்குக் குச்சி எறிந்துகொண்டிருக்க, யீஷூன்காரர்கள் பழத்தின் ராஜாவையே ஊராக்கிவிட்டார்கள். அந்தப் பொறாமை எங்களுக்கு இன்றும் உண்டு. மூன்றாவது ராஜா டான் கா கீயின் மாப்பிள்ளை லீ கோங் சியான். மாமனார் மளிகைக்கடைக் கணக்காக எல்லாவற்றிலும் கை வைத்து, பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் கட்டி, 1930களின் பொருளாதார மந்தத்தில் தொழிலை இழந்தார். மாப்பிள்ளை நிதானம். 1931இல் லீ அன்னாசி நிறுவனத்தைத் தொடங்கினார், நிலைத்தார். இன்று தேசிய நூலகத்தில் அவர் பெயர் தாங்கிய தளங்களில் ஏசி காற்றில் தூங்குகிற மாணவர்கள், பாதி ரப்பருக்கும் பாதி அன்னாசிக்கும் நன்றி சொல்லலாம்.

1930களில் டப்பா அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு. ஆலைகள் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும். ஹவாயில் ஜேம்ஸ் டோல் 1922இல் லனாய் என்ற தீவையே விலைக்கு வாங்கி அன்னாசி நட்டார். அவர் டப்பா ஒசத்தி, விலையும் ஒசத்தி. நம் டப்பா மலிவு. இங்கிலாந்துத் தொழிலாளி வீட்டு ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்குத் தட்டில் விழுந்தது நம்முடையது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் பிரபுக்கள் வாடகைக்கு எடுத்துத் தொடாமல் வைத்திருந்த பழத்தை, ஆலைக்காரனும் கரண்டியால் அள்ளித் தின்னும்படி செய்ததுதான் சிங்கப்பூரின் உலகச் சாதனை. எந்த அருங்காட்சியகமும் இதற்குச் சிலை வைக்கவில்லை.

லிட்டில் இந்தியாவிலும் இந்தத் தித்திப்பு ஒட்டியிருந்தது. மாட்டுத் தொழுவமும் எள் செக்கும் கோதுமை அரைக்கும் கொட்டகையும் நிறைந்த சிராங்கூன் சாலை வட்டாரத்தில் அன்னாசி பதப்படுத்தும் ஆலைகளும் இருந்தன. கெர்பாவ் ரோட்டில் ஏழெட்டு வண்ணம் அடித்து நிற்கிற பழைய வீட்டின் முன்னால் இப்போது சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்களே, அது டான் டெங் நியா என்ற மிட்டாய் ஆலை முதலாளியின் வீடு, 1900இல் கட்டியது. லிட்டில் இந்தியாவில் அதிகம் படம் எடுக்கப்படும் வீடு ஒரு சீன டவ்க்கேயுடையது. நாமும் "எங்க ஏரியா" என்று அதன் முன்னால் நின்று படம் போடுகிறோம்.

இப்போது தேக்கா சந்தைக்கு வாருங்கள். பழக்கடையில் மூன்று நான்கு பெயர்கள் காதில் விழும்: மோரிஸ், சரவாக், ஜோசப்பின். மோரிஸ் என்பது மொரீஷியஸ் தீவின் பெயரைச் சுமந்த ரகம். இதே மொரீஷியஸ் ரகத்துக்குத்தான் கேரளாவின் வாழக்குளம் 2009இல் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறது. சேட்டன்களிடம் யாரும் வாதாட வேண்டாம், சான்றிதழைக் காட்டிவிடுவார்கள். ஜோசப்பின் மலேசிய ஆய்வு நிலையம் 1990களில் வெளியிட்ட கலப்பு. பெற்றோர் ஜோகூரும் சரவாக்கும், பெயரில் இருவரின் தலையெழுத்தும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பழைய டப்பா ஆலைகளின் ரகம். உலகத் தாவரவியல் புத்தகங்களில் அதன் பெயர் 'சிங்கப்பூர் ஸ்பானிஷ்'. பழம் பிறந்தது தென்னமெரிக்கா, குடும்பப் பெயர் ஸ்பெயின், ஊர் சிங்கப்பூர், விளைவது ஜோகூர். எங்கள் நிலத்தில் தோட்டம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாலத்தைத் தாண்டினால் பெக்கான் நனாஸ் என்று ஒரு ஊரே அன்னாசி பெயரில் இருக்கிறது, அருங்காட்சியகமும் உண்டு. அதனால் என்ன? பெயர் எங்களுடையது. பிராம்லியிடம் கற்ற பாடம் வீண்போகவில்லை.

பழத்தை இழந்தவர்கள் டார்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் உரிமை கோருவோர் வரிசை நீளம். மலாக்காக்காரர் தங்கள் நோன்யாப் பாட்டிதான் கண்டுபிடித்தாள் என்பார். யுரேஷியர் போர்த்துக்கீசிய அடுப்பைக் காட்டுவார். இந்தோனேசியர், டச்சுக்காரர் காலத்து நஸ்தார் என்ற டார்ட்டை மறந்துவிட்டீர்களா என்பார். சீனப் புத்தாண்டுக்கு அது இல்லாமல் ஆகாது, ஏனென்றால் ஹொக்கியனில் அன்னாசியின் பெயர் செல்வத்தை வரவேற்பது போல் ஒலிக்கும். நோன்புப் பெருநாளுக்கும் உண்டு, கிறிஸ்துமஸுக்கும் உண்டு. தீபாவளித் தட்டில் முறுக்குக்கும் நெய்யுருண்டைக்கும் நடுவே அது வந்து உட்கார்ந்த தேதி யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை லட்டுவின் சித்தப்பா மகன் என்றே நம்புகிறார்கள்.

பொங்கோலில் புது வீட்டுச் சாவி வாங்கும் பருவத்தில் நடைபாதைக்கு வந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் நாம் பால் காய்ச்சிப் பொங்கவிட, அந்தப் பக்கம் சீனக் குடும்பம் முழு அன்னாசியை வாசலிலிருந்து ஹாலுக்குள் உருட்டி "ஹுவாட் ஆ!" என்று கூவும். பழம் சில சமயம் திசை மாறி நம் கோலத்தில் வந்து நிற்கும். திருப்பிக் கொடுப்பதா, வந்த லட்சுமியை உள்ளே அழைப்பதா என்று பெரியவர்களுக்குள் ஒரு நொடி தடுமாற்றம் வரும். கொடுத்துவிடுவோம். சாயங்காலம் அதுவே துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு தட்டாக வந்து சேரும்.

அன்னாசியைச் சீவுவதைப் பார்த்தே ஆளை எடைபோடலாம். தோலைச் சீவியதும் கண்கள் சாய்வரிசையாகத் தெரியும். அந்தச் சாய்வோடு கத்தியை ஓட்டி, பள்ளம் பள்ளமாகத் திருகிக்கொண்டே வந்தால் பழம் வீணாகாமல் கண் மட்டும் போகும். டப்பா ஆலை நாட்களில் கூலியாட்கள் பழகிய கைவேலை இது. எங்கள் புளோக்கில் டார்ட் சுடும் அக்கா முக்கால் பழுத்த மோரிஸைத்தான் தொடுவார். சரவாக் தண்ணி என்பது அவர் கட்சி. துருவியில் துருவ வேண்டும். மிக்ஸியில் அடித்தால் நார் செத்துவிடும், அவர் முகத்திலும் களை செத்துவிடும். சாற்றைப் பிழிந்து, பட்டை, கிராம்பு, நட்சத்திர சோம்பு போட்டு, சர்க்கரையோடு கிண்டக் கிண்ட மஞ்சள் பொன்னாகி, பொன் செம்பழுப்பாகி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது அடுப்பை அணைக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் டார்ட் உள்ளே ஊறி மூன்றாம் நாள் பூஞ்சை. வெண்ணெயும் மாவும் மஞ்சள்கருவும் கலந்த பிசைவு அதிகம் பிசையக் கூடாது. ஜாம் மேலே தெரிவதா, உருண்டைக்குள் ஒளிந்திருப்பதா என்பதில் இரண்டு மதம். அக்கா திறந்த டார்ட் மதம். "உள்ள என்ன வெச்சிருக்கான்னு தெரியாம எப்படி திங்கிறது?" என்பது அவர் வேதம். எதிர்வீட்டு ஆன்ட்டி மூடிய மதம். வருஷா வருஷம் இருவரும் டப்பா மாற்றிக்கொள்கிறார்கள், வருஷா வருஷம் "கொஞ்சம் இனிப்பு தூக்கல்" என்று இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொல்கிறார்கள். நான் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டு, இரண்டு டப்பாவையும் காலி செய்கிறேன்.

அந்த இரண்டு டப்பாவில் ஒன்று, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி, சீனப் புத்தாண்டுக்கு டார்ட்டோடு வந்தது. வெறும் ஜாடியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் தீபாவளிக்கு முறுக்கோடு எதிர்வீடு போனது. மூடியில் ஆன்ட்டி தன் பெயரை மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். இந்த வருஷம் பார்க்கிறேன், அதை அடித்துவிட்டு அக்கா தன் பெயரை எழுதியிருக்கிறார்.